பேண்டு வாத்தியப் பேஸ் டிரம்மைக் கிக் டிரம்மாக மாற்றுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

பள்ளிப் பேண்டு வாத்தியக் குழு புதுச் செட் வாங்கியதும் பழைய பேஸ் டிரம்கள் கிடங்கின் மூலைக்குப் போய்விடும். அவற்றில் ஒன்றை வாங்கி, தேவாலய இசைக்குழுவுக்கோ குடியிருப்பின் இன்னிசைக் குழுவுக்கோ கிக் டிரம்மாக (தரையில் நிறுத்தி, காலால் பெடலை மிதித்து அடிக்கும் டிரம்) மாற்றும் வேலையைக் கோலாலம்பூரின் செந்தூலிலும் பத்துமலைப் பக்கத்திலும் இளைஞர்கள் பலருடன் சேர்ந்து செய்திருக்கிறேன். மரவேலையே தெரியாதவர்கள்கூட இதை நன்றாகச் செய்துவிடுகிறார்கள். வேலையின் வரிசையை மாற்றுகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். டிரம் வீட்டுக்கு வந்த அன்றே டிரில்லை எடுத்துக் கால்களைப் பூட்டிவிடுவார்கள். பெடலைக் கொண்டுவந்து வைக்கும்போதுதான், அது கவ்வ வேண்டிய இடத்தில் ஒரு கொக்கி நிற்பது தெரியவரும். ஆகவே இங்கே துளையிடும் வேலை ஏழாவது படியில்தான் வருகிறது.

பெடல் அடிக்கும் பக்கத்துத் தோலை அடிதோல் என்றும், கேட்பவர் பக்கம் இருப்பதை முன்தோல் என்றும் எழுதுகிறேன். தோலை அழுத்திப் பிடிக்கும் மரச்சட்டம் வளையம். வளையத்தைக் கவ்வுவது கொக்கி. கொக்கியின் வழியே நீளமான திருகாணி சென்று, டிரம்மின் உடலில் பூட்டியிருக்கும் லக் என்ற உலோகப் பிடியில் இறங்குகிறது.

1. டிரம்மைத் தேர்ந்தெடுத்தல்

பேண்டு வாத்தியப் பேஸ் டிரம்கள் 14 அங்குலத்திலிருந்து 32 அங்குலம் வரை பல விட்டங்களில் வருகின்றன. கிக் டிரம்முக்கு 20, 22, 24 ஆகிய மூன்றில் ஒன்றைத் தேடுங்கள். சாதாரணப் பெடலின் அடிகோல் 22 அங்குல டிரம்மில் ஏறத்தாழ நடுவில் விழும். 18 அங்குல டிரம்மில் நடுவுக்கு மேலே போய்விடும். டிரம்மைத் தரையிலிருந்து உயர்த்தித் தரும் தாங்கி தனியாக வாங்க வேண்டியிருக்கும். 28 அங்குல டிரம்மில் அடி நடுவுக்கு வெகு கீழே விழுந்து, தடிமனான ஒலி வராமல் போகும்.

இந்த டிரம்களின் ஆழம் பெரும்பாலும் 14 அங்குலம். டிரம் செட்டுகளில் 16, 18 அங்குல ஆழமுள்ள கிக் டிரம்கள் அதிகம் என்பதால் சிலர் தயங்குவார்கள். தயங்கத் தேவையில்லை. ஆழம் குறைந்த டிரம் காலடிக்கு உடனே பதில் சொல்லும். சிறிய மண்டபத்தில் அது பெரிய வசதி.

வாங்கும் இடத்திலேயே மூன்று சோதனைகளைச் செய்யுங்கள். முதலாவது, அளவுநாடாவால் உடலின் விட்டத்தைக் குறுக்கும் நெடுக்குமாக நான்கு திசைகளில் அளப்பது. 3 மி.மீ. வரை வித்தியாசம் இருந்தால் சமாளிக்கலாம். 6 மி.மீ.க்கு மேல் போனால் அந்த டிரம்மை விட்டுவிடுங்கள். தோல் நேராக உட்காராது. இரண்டாவது, விரல் முட்டியால் உடலைச் சுற்றித் தட்டிக் கேட்பது. ஓரிடத்தில் மட்டும் ஒலி செத்துப்போய்ச் சலசலத்தால் அங்கே பிளைவுட் அடுக்கு விட்டிருக்கிறது. மூன்றாவது, அசைத்துப் பார்த்து உள்ளிருந்து மாவுபோல் மரத்தூள் கொட்டுகிறதா என்று கவனிப்பது. நம் ஊர்க் கிடங்குகளில் ஈரமும் வண்டும் சேர்ந்தே இருக்கும். ஊசிமுனைத் துளைகளும் தூளும் கண்ணில் பட்டால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அரசாங்கப் பள்ளியின் டிரம்மில் சொத்துப் பதிவு எண் ஒட்டியிருக்கும். முறைப்படி கழிவுசெய்யப்பட்டதற்கான தாள் இல்லாமல் அதை வாங்காதீர்கள். காவலாளியின் வாய்வார்த்தை போதாது.

2. முன்கூட்டியே சேர்க்க வேண்டியவை

பெடல் முதலில் கையில் இருக்க வேண்டும். இரவல் வாங்கியாவது கொண்டுவந்துவிடுங்கள். இந்த வேலையின் அளவுகள் எல்லாம் பெடலிலிருந்துதான் தொடங்குகின்றன.

அடுத்தது ஒரு ஜோடி கால்கள். உடலின் வெளிப்புறத்தில் போல்ட்டால் பூட்டி, மடக்கி நீட்டும் வகையை வாங்குங்கள். உடலுக்குள் நுழைந்து போகும் கம்பி வகைக்குப் பெரிய துளை வேண்டும். மெல்லிய பேண்டு டிரம் உடலுக்கு அது நல்லதல்ல. அடிப்புறத்து வளைவில் படிய ரப்பர் மெத்தையும் சேர்ந்து வருகிறதா என்று பாருங்கள்.

கருவிகள் அதிகம் வேண்டாம். டிரில், 3 மி.மீ. அலகு, போல்ட்டின் அளவைவிட அரை மி.மீ. பெரிய அலகு, மாஸ்கிங் டேப், மூலைமட்டம், அளவுநாடா, டிரம் சாவி, 220 எண் உப்புத்தாள், அகலமான வாஷர்கள், நைலான் பூட்டு நட்டுகள், உடலின் வளைவுக்குள் வைத்து அழுத்த ஒரு மரக்கட்டை ஆகியவை போதும். வாஷர், நட்டு போன்றவற்றைப் புடுவின் ஜாலான் பாசார் பக்கம் போனால் சில்லறையாகவே எடுக்கலாம்.

அடிதோல் புதிதாக வாங்க வேண்டும். முன்தோலுக்குப் பழைய தோல்களில் நல்லதைப் பயன்படுத்தலாம் என்பதால் அவற்றைத் தூக்கி எறியாதீர்கள்.

3. பிரித்தலும் சுத்தம் செய்தலும்

பேண்டு டிரம்மின் தோல் கிக் டிரம்மைவிட மிக இறுக்கமாக இருக்கும். ஒரு திருகாணியை முழுவதும் கழற்றிவிட்டு அடுத்ததற்குப் போனால், இழுவிசை ஒரு பக்கமாகச் சாய்ந்து வளையம் முறுக்கிக்கொள்ளும். எதிரெதிராக, ஒவ்வொன்றையும் அரைச் சுற்று தளர்த்திக்கொண்டே வாருங்கள். எல்லாம் கையால் சுழலும் நிலைக்கு வந்த பிறகு கழற்றுங்கள்.

தோலின் ஓரத்தில் ஒலியை அடக்க நுரைப்பட்டை ஒட்டியிருப்பார்கள். அதன் பசை விளிம்பில் இறங்கியிருந்தால் துணியில் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து எடுங்கள். லக்குகளையும் கழற்றிப் பாருங்கள். பழைய வகையாக இருந்தால் ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சுருள்கம்பி இருக்கும். கிக் டிரம்மாகும்போது அதுதான் கிணுகிணுக்கும். உள்ளே சிறிது பஞ்சைத் திணித்துத் திரும்பப் பூட்டுங்கள்.

அடுக்கு விட்ட இடம் சிறியதாக இருந்தால் மரப்பசையை உள்ளே செலுத்தி, இரு பக்கமும் கட்டை வைத்து ஓர் இரவு இறுக்கிக் கட்டுங்கள்.

4. விளிம்பைச் சரிபார்த்தல்

தோல் உட்காரும் விளிம்பு சமதளமாக இல்லாவிட்டால், பிறகு எவ்வளவு முயன்றாலும் டிரம்மைச் சுதி சேர்க்க முடியாது. கிரானைட் சமையல் மேடை நல்ல சமதளம். டிரம்மின் உடலை அதன் மேல் நிறுத்தி, விளக்கை அணைத்துவிட்டு, உள்ளே கைவிளக்கைப் போடுங்கள். விளிம்புக்கும் கல்லுக்கும் நடுவே வெளிச்சம் கசியும் இடம் பள்ளம். மெல்லிய கீற்றாக இருந்தால், உப்புத்தாளைக் கல்லின் மேல் ஒட்டி, உடலை அதன் மேல் வைத்து லேசாகச் சுழற்றிச் சமன் செய்யலாம். ஒரு தாளே நுழையும் அளவு இடைவெளி இருந்தால் தச்சரிடம் கொடுங்கள்.

இரண்டு விளிம்புகளில் எது நன்றாக இருக்கிறதோ அதை அடிதோல் பக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். காலுக்குத் தெரியும் துள்ளல் அங்கிருந்துதான் வருகிறது. முடிவு செய்ததும் உள்பக்கம் பென்சிலால் எழுதிவிடுங்கள்.

5. எது அடிப்பக்கம்?

இந்தப் படியில் நேரம் செலவிடுங்கள். பேண்டு டிரம் தோளில் தொங்குவதற்காகச் செய்யப்பட்டது. அதற்கு மேல், கீழ் என்பதைத் தோளில் மாட்டும் தாங்கியின் பூட்டுகள் தீர்மானித்திருந்தன. தரையில் வைக்கும்போது அந்தத் தீர்மானம் செல்லாது. நீங்கள்தான் புதிதாக ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

விதி ஒன்றுதான்: அடிப்பக்கத்தின் நடுக்கோடு இரண்டு லக்குகளுக்குச் சரியாக நடுவில் வர வேண்டும். பெடலின் கவ்வி அந்த இடத்தில்தான் வளையத்தைப் பிடிக்கும். அங்கே லக் வந்தால் கொக்கியும் வரும், கொக்கி வந்தால் கவ்விக்கு இடமில்லை.

இதற்குள் அடங்கும் இடங்களில் எதைத் தேர்ந்தெடுப்பது? பழைய தாங்கிப் பூட்டின் துளைகள் எங்கே வருகின்றன என்று பாருங்கள். அவை அடிப்பக்கம் வந்தால் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கால் பூட்டும் இடத்துக்கு இரண்டு விரல் தொலைவுக்குள் வரக்கூடாது, அருகருகே துளைகள் இருந்தால் மரம் பலவீனப்படும். இரண்டும் மோதினால் பழைய துளைகளை மேலே போகவிடுங்கள். உடலைச் சுற்றி ஒட்டிய வெளிப்பட்டையில் கீறலோ வெளிறலோ இருந்தால் அதைக் கீழே தள்ளலாம், ஆனால் அதற்காக மற்ற இரண்டையும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

கால்களின் இடம் லக்குகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. டிரம்மை முன்பக்கமிருந்து ஒரு கடிகார முகமாக நினைத்துக்கொள்ளுங்கள். 6 என்பது தரை. ஒரு பக்கத்துக்கு 6 லக்குகள் இருந்தால், லக்குகளுக்கு நடுவே சரியாக 4 மணியிலும் 8 மணியிலும் இடம் கிடைக்கும். அதைவிட நல்ல இடம் இல்லை. 8 லக்குகள் இருந்தால் நான்கரையிலும் ஏழரையிலும் கிடைக்கும். கொஞ்சம் கீழே இருந்தாலும் போதும். 10 லக்குகள் இருந்தால் இரண்டு தேர்வுகள் உண்டு. ஏறக்குறைய ஐந்துக்கும் ஏழுக்கும் அருகே ஓர் ஜோடி, மூன்றரைக்கும் எட்டரைக்கும் அருகே இன்னொரு ஜோடி. கீழே உள்ளதைப் பார்த்து ஏமாறாதீர்கள். கால்கள் நெருங்கி நின்றால் டிரம் பக்கவாட்டில் ஆடும். மேலே உள்ள ஜோடியை எடுங்கள்.

6. துளையில்லாமல் ஒருமுறை பூட்டிப் பார்த்தல்

பழைய தோல்களையே போட்டு டிரம்மைத் தற்காலிகமாகப் பூட்டுங்கள். இரு பக்கமும் துணி சுற்றிய செங்கல்லை முட்டுக் கொடுத்து, பெடலைக் கவ்விவிட்டு மிதித்துப் பாருங்கள். டிரம் முன்னே நகரும், பரவாயில்லை. பார்க்க வேண்டியது நான்கு விஷயங்கள்: கவ்வி வளையத்தை முழுவதும் பிடிக்கிறதா, அடிகோல் எங்கே விழுகிறது, கீழ் இரண்டு திருகாணிகளின் தலை தரையிலோ பெடலிலோ இடிக்கிறதா, பெடலின் அடித்தட்டு தரையில் படிகிறதா.

பேண்டு டிரம்களில் பெரும்பாலும் கையால் திருகும் டி வடிவத் தலைகள்தான் இருக்கும். அடிதோல் பக்கத்தில் தரைக்கு அருகே உள்ள இரண்டை மட்டும் டிரம் சாவியால் திருகும் சிறு தலைகளாக மாற்றிவிடுங்கள். வாங்கப் போகும்போது பழைய திருகாணியையும் ஒரு லக்கையும் எடுத்துச் செல்லுங்கள். டிரம் திருகாணிகளில் ஒன்றுக்கொன்று பொருந்தாத மரைகள் புழக்கத்தில் உண்டு. பார்வைக்கு ஒன்றாக இருக்கும் திருகாணியைப் பலவந்தமாகத் திருகினால் லக்கின் மரை போய்விடும்.

டிரம் இரவலாக இருந்தாலோ அதன் உடலைத் தொட மனம் வராவிட்டாலோ, இங்கேயே நிறுத்தி வளையத்தில் கவ்வும் கால்களையோ தொட்டில் வடிவத் தாங்கியையோ வாங்கிக்கொள்ளலாம். துளையிட்ட கால்களின் உறுதி அவற்றில் வராது. ஆனால் வாரம் ஒருமுறை வாசிப்பவருக்கு அது குறையாகத் தெரியாது.

7. கால்களுக்குத் துளையிடுதல்

டிரம் வாசிக்கும் நிலையில் இருக்கும்போதே, கால் வரும் இரு இடங்களிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி இடது, வலது என்று எழுதிவிடுங்கள். கால்களின் பிடிகள் இடதுக்கும் வலதுக்கும் வேறுவேறாகச் செய்யப்பட்டவை. டிரம்மைக் கவிழ்த்து நிறுத்தியதும் கண் குழம்பி, இடதுகாலை வலப்பக்கம் பூட்டிவிடுகிறார்கள். பிறகு கால்கள் முன்னே நீளாமல் பின்னே நீளும்.

தோல்களைக் கழற்றிவிட்டு, முன்பக்க விளிம்பு கீழே இருக்கும்படி உடலை அதே கிரானைட் மேடையில் நிறுத்துங்கள். மூலைமட்டத்தை மேடையில் செங்குத்தாக வைத்து உடலோடு சேர்த்து, லக்குகளுக்கு நடுவே டேப்பின் மேல் கோடு போடுங்கள். மேடையிலிருந்து 3 அங்குல உயரத்தில் பிடியின் நடுப்புள்ளியைக் குறியுங்கள். மேடையே அளவுகோலாக இருப்பதால் இரு கால்களும் தானாகவே ஒரே உயரத்தில் வரும். ஆழம் குறைந்த டிரம் எளிதில் தள்ளாடும் என்பதால்தான் கால்களை இவ்வளவு முன்னே கொண்டுவருகிறோம். குறித்த பிறகு பிடியை அங்கே வைத்துக் காலை மடக்கிப் பாருங்கள், லக்கிலோ வளையம் வரும் இடத்திலோ இடிக்கக்கூடாது.

பிடியையே அச்சாக வைத்துத் துளைகளின் மையத்தை ஆணியால் லேசாகக் குத்திக்கொள்ளுங்கள். குத்தாமல் தொடங்கினால் வழுவழுப்பான பட்டையில் அலகு சறுக்கி ஓடும். உள்பக்கம் மரக்கட்டையை யாராவது அழுத்திப் பிடிக்கட்டும். கை அலகின் நேர்க்கோட்டில் இருக்கக்கூடாது. முதலில் 3 மி.மீ., பிறகு முழு அளவு, இரண்டுமே மெதுவான வேகத்தில். கட்டை இல்லாமல் துளைத்தால் அலகு வெளியேறும் இடத்தில் உள் அடுக்கு விரல் அகலத்துக்குப் பிய்ந்து வரும்.

துளை போட்டதும் உள்ளே தெரியும் பூச்சில்லாத மரத்தைப் பாருங்கள். வெளுத்த நிறத்தில், சுற்றிலும் மெல்லிய நார்கள் நிற்கும். உப்புத்தாளைச் சுருட்டி உள்ளே விட்டு நார்களை எடுத்துவிட்டு, நிறமில்லாத நகப்பூச்சை இரண்டு தடவை தடவுங்கள். கோலாலம்பூர் ஈரப்பதத்தில் மூடப்படாத பிளைவுட் முனை நீரை உறிஞ்சி உப்பும். உப்பினால் போல்ட் தளரும்.

பூட்டும் வரிசை வெளியிலிருந்து இப்படி: போல்ட், பிடி, ரப்பர் மெத்தை, உடல், மெல்லிய ரப்பர் துண்டு, அகலமான வாஷர், நைலான் பூட்டு நட்டு. உள்பக்கம் குழிந்த பரப்பு என்பதால் வாஷரின் ஓரங்கள் மட்டுமே மரத்தைத் தொடும். நடுவே ரப்பர் இருந்தால் அழுத்தம் பரவும். 20 அல்லது 25 மி.மீ. நீளப் போல்ட் பெரும்பாலும் சரியாக இருக்கும். மரம் முனகும் வரை முறுக்காதீர்கள், வாஷர் அசையாமல் நின்றால் போதும்.

8. பழைய துளைகள்

தாங்கிப் பூட்டைக் கழற்றிய இடங்களை ரப்பர் அடைப்பானாலோ, வாஷர் வைத்த குட்டைப் போல்ட்டாலோ மூடுங்கள். ஒரு சிறு துளையைக் காற்றுப் போக விட்டுவிடலாம். மேல்பக்கத் துளைகள் இருக்கின்றனவே என்று அங்கே டாம் எனும் சிறு டிரம்களை ஏற்றாதீர்கள். அந்தப் பாரத்துக்கு இந்த உடல் வடிவமைக்கப்படவில்லை. டாம்களைத் தனி ஸ்டாண்டில் வையுங்கள்.

9. தோல் மாட்டுதல்

உடலின் உள்ளேயும் விளிம்பிலும் ஒரு தூள்கூட இல்லாமல் துடையுங்கள். அடிதோலுக்கு, ஓரத்தில் அடக்கும் பட்டை சேர்ந்தே வரும் வகை வசதி. ரீமோ பவர்ஸ்ட்ரோக் 3, இவான்ஸ் ஈமேட் போன்றவை இங்குள்ள கடைகளிலும் எளிதில் கிடைக்கும். அடிகோல் விழும் இடத்தில் ஒரு பட்டை ஒட்டிவிட்டால் தோலின் ஆயுள் கூடும். பேண்டு வாத்தியத் தோலையே அடிதோலாக வைத்துக்கொள்ள வேண்டாம். அது மென்மையான உருண்டைக் கோலுக்கானது. பெடல் ஒரே இடத்தில் ஓயாமல் அடிப்பதைத் தாங்கும் நோக்கம் அதற்கில்லை.

பழைய நல்ல தோலை முன்தோலாகப் போடும்போது, மைக் வைக்க 5 அங்குல ஓட்டை ஒன்றை 4 அல்லது 5 மணிப் பக்கம், ஓரத்திலிருந்து இரண்டு மூன்று அங்குலம் தள்ளி வெட்டுங்கள். நடுவில் வெட்டினால் முன்தோலின் அதிர்வு குறைந்துவிடும். கையால் வெட்டிய ஓரம் நாளடைவில் கிழியும்; அதனால் பிளாஸ்டிக் வளையம் வாங்கி ஒட்டுவது நல்லது.

10. இறுக்கமும் அடக்கமும்

எல்லாத் திருகாணிகளையும் விரலால் முடிந்தவரை இறுக்குங்கள். உள்ளங்கையால் தோலின் நடுவை அழுத்தி உட்கார வையுங்கள். பிறகு எதிரெதிராக அரைச் சுற்று, தேவைப்பட்டால் கால் சுற்று. சுருக்கங்கள் மறையும் இடத்திலிருந்து சற்றே மேலே நிறுத்திவிடுங்கள். பேண்டு வாத்தியப் பழக்கத்தில் இறுக்கிக்கொண்டே போனால் கிக் டிரம் கணீரென்று ஒலிக்கும், ஆழமான அடியொலி வராது. முன்தோலை அடிதோலைவிடக் கொஞ்சம் இறுக்கமாக வைத்தால் ஆழம் குறைந்த டிரம்மின் ஒலிக்கும் ஒரு கனம் கிடைக்கும்.

உள்ளே தலையணையைத் திணிக்க வேண்டாம். 14 அங்குல ஆழத்தில் அது இரு தோல்களையும் தொட்டு ஒலியைக் கொன்றுவிடும். மடித்த சிறிய துண்டு ஒன்று, அடிதோலின் கீழ் ஓரத்தை மட்டும் தொட்டால் போதும்.

11. வாசிக்கும்போது வரும் தொல்லைகள்

டிரம் முன்னே ஊர்ந்து போனால் முதலில் தரையைப் பாருங்கள். மண்டபங்களின் வழவழப்பான ஓட்டுத் தரையில் எந்தக் காலும் நிற்காது. சீட்டுக்கும் டிரம்முக்கும் சேர்த்து ஒரே தரைவிரிப்பைப் போட்டால், வாசிப்பவரின் எடையே அதை அழுத்திப் பிடிக்கும். அதற்குப் பிறகும் நகர்ந்தால் கால்களை இன்னும் முன்னே சாய்த்து, முன்வளையம் தரையிலிருந்து ஒரு விரல் கனம் உயரும்படி வையுங்கள். அதற்கு மேல் உயர்த்தினால் பெடலின் அடித்தட்டு தரையில் சரியாகப் படியாது.

பெடல் வளையத்தில் வழுக்கினால் சைக்கிள் டியூப்பில் ஒரு துண்டு வெட்டி, கவ்விக்கும் மரத்துக்கும் நடுவே வையுங்கள். மரத்தில் தடமும் விழாது.

எங்கோ கிர்ரென்ற சத்தம் வந்தால், ஒருவர் மெதுவாக மிதிக்க, இன்னொருவர் லக்குகள், கொக்கிகள், பழைய துளைகளின் அடைப்பான்கள் என்று ஒவ்வொன்றாக விரலை வைத்து அழுத்திக்கொண்டே வாருங்கள். சத்தம் எங்கே நிற்கிறதோ அங்கேதான் குற்றம். அங்கேயும் இல்லையென்றால் கால்களின் உள்நட்டுகள். முதல் சில ஒத்திகைகளில் ரப்பர் மெத்தை அமுங்குவதால் அவை எப்படியும் சற்றுத் தளரும். முன்தோலின் ஓட்டை வழியே கையை விட்டு, சிறிய ஸ்பேனரால் கால் சுற்று இறுக்கிவிடுங்கள்.